இருபத்தாறு குதிரை குறைகிறது

எங்கள் பக்கத்தில் புது மாப்பிள்ளைக்கு ஒரு வருடம்தான் வாரண்டி. அந்த ஒரு வருடம் அவன் என்ன உளறினாலும் மாமனார் வீட்டில் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள். அதற்குப் பிறகு அவன் உண்மையையே சொன்னாலும், "மொதல்ல சாப்புடுங்க மாப்பிள்ளை" என்று பேச்சை மாற்றிவிடுவார்கள். எனக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. வாரண்டி முடிந்துபோனது தெரியாமல் நான் வாயைத் திறந்ததுதான் இந்தக் கதை.

என் மாமனார் வீடு கீழச்சிவல்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். மாமா விவசாயி. நெல், கடலை, ஆழக் கிணறு, அதில் ஒரு மோட்டார். நான் காரைக்குடிக்காரன். இயந்திரவியல் படித்துவிட்டுக் கோயம்புத்தூரில் தண்ணீர் பம்பு விற்கிற கம்பெனியில் வேலை. (படித்தது ராக்கெட் விடுகிற அளவுக்கு. விடுவது தண்ணீர்.) என் மனைவி தேன்மொழிக்கு ஒரு தம்பி, கதிரேசன். சென்னையில் வேலை பார்க்கிறான். சம்பளம் வாங்கிய முதல் வேலையாக ஒரு பழைய பெட்ரோல் காரை வாங்கி, அதைக் காரைக்குடியில் வேலு என்கிற மெக்கானிக்கின் ஷெட்டில் நிறுத்திவைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தான்.

செட்டிநாட்டுப் பக்கம் யுத்த காலத்தில் போட்ட பழைய விமான ஓடுபாதை ஒன்று கிடக்கிறது. அங்கே வைகாசியில் பையன்கள் அனுமதி வாங்கி டிராக் ரேஸ் விடப்போகிறார்கள் என்று சேதி வந்தது. நின்ற இடத்திலிருந்து நேராகக் கால் மைல் தூரம், யார் சீக்கிரம் போகிறார்கள் என்பதுதான் போட்டி. வளைவு கிடையாது, பிரேக்குக்கு அவசரம் கிடையாது. கதிரேசன் பேர் கொடுத்துவிட்டான். ஒரு நாள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது மாமா அவனைப் பார்த்து, அந்தக் காரை விற்றுவிட்டு டிராக்டருக்கு ஒரு டிரெய்லர் வாங்கினால் ஊருக்காவது உபயோகமாக இருக்கும் என்றார். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. பதினேழு நொடிக்குள் ஓட்டிக் காட்டுகிறேன் என்றான்.

"ஓட்டிக் காட்டு. கார் இருக்கட்டும்" என்றார் மாமா. "ஓட்டலைன்னா திங்கக்கிழமை டிரெய்லர்."

பதினேழு நொடி என்பதைக் கதிரேசன் எங்கிருந்து எடுத்தான் என்று அவனுக்கே தெரியாது. அப்போதுதான் நான் ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னேன்: "அதுக்கெல்லாம் ஒரு கணக்கு இருக்கு மாமா. எத்தனை நொடின்னு சொன்னா, எவ்வளவு சக்தி வேணும்னு நான் சொல்லிருவேன்."

கணக்கு இருப்பது உண்மைதான். காரின் எடையைப் பவுண்டில் எடுத்துக்கொள்ள வேண்டும். அதை எஞ்சினின் குதிரைத் திறனால் வகுத்து, கனமூலம் எடுத்து, 5.825ஆல் பெருக்கினால் கால் மைல் ஓட எத்தனை நொடி ஆகும் என்பது ஏறக்குறைய வந்துவிடும். நொடியைத் தெரிந்துகொண்டு பின்னாலிருந்து போட்டால் எத்தனை குதிரை வேண்டும் என்பது கிடைக்கும். ஆக, எனக்குத் தேவைப்பட்டது எடை ஒன்றுதான்.

மறுநாளே காரை அரிசி மில் எடைமேடைக்குக் கொண்டுபோனோம். கதிரேசன் ஓட்டினான். மாப்பிள்ளை என்பதால் எனக்கு முன்சீட்டு. எப்படியும் மில்லுக்குத்தானே போகிறார்கள் என்று மாமாவும், மாமாவின் அண்ணனும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். பெரிய மாமா ஏறியதும் கார் ஒரு பக்கமாகக் குனிந்து வணங்கியது. டிக்கியில் அரை மூட்டை அரிசி.

எடைமேடையில் கார் நின்றது. இப்போது எல்லாரும் இறங்க வேண்டும். எப்படிச் சொல்வது? வெயிலில், மில் வாசலில், நாலு பேர் பார்க்க, மாமனாரையும் அவருடைய அண்ணனையும் பார்த்து "காரை விட்டு எறங்குங்க" என்று சொன்ன மாப்பிள்ளை எங்கள் ஜில்லாவில் இன்னும் பிறக்கவில்லை. நான் இறங்கலாம் என்று கதவைத் திறந்தேன். "நீங்க எதுக்கு மாப்பிள்ளை வெயில்ல எறங்கிக்கிட்டு" என்று பெரிய மாமா தோளை அழுத்தினார். பிறகு கழித்துக்கொள்ளலாம் என்றால், பெரிய மாமாவிடம் போய் அவருடைய எடையைக் கேட்க வேண்டும். அதைவிட இறங்கச் சொல்வதே மேல். எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது: ஓட்டுகிற ஆளையும் சேர்த்துத்தான் எடை போட வேண்டும் என்று நான் படித்த இடத்தில் தெளிவாகப் போட்டிருந்தார்கள். உள்ளே ஆள் இருக்க வேண்டும் என்றார்கள். ஆள் இருந்தார்கள். எத்தனை ஆள் என்று நான் ஆராயவில்லை.

ஆயிரத்து இருநூற்று ஐம்பது கிலோ.

கோயம்புத்தூர் போய்க் கணக்குப் போட்டேன். பதினேழு நொடிக்கு நூற்றுப் பதினொரு குதிரை வேண்டும். காரில் இருப்பது எண்பத்தைந்து. இருபத்தாறு குறைகிறது.

இங்கே என் கிறுக்குப் புத்தியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கம்பெனியில் காலை முதல் மாலை வரை எச்.பி., எச்.பி. என்றுதான் பேசுவேன். மூன்று எச்.பி., ஐந்து எச்.பி., எல்லாம் கிணற்றுக்குள் கிடப்பவை. ஆனால் கார் என்று வந்துவிட்டால் எச்.பி. என்று சொல்ல வாய் கூசும். கார்ப் பைத்தியம் பிடித்த பையன்கள் வீடியோக்களில் "இது நூத்தம்பது குதிரை ப்ரோ" என்று பேசுவதைக் கேட்டுக் கேட்டு, கிணற்றுக்கு எச்.பி., காருக்குக் குதிரை என்று மனதுக்குள் ஒரு ஜாதிப் பிரிவினையே செய்து வைத்திருந்தேன்.

கதிரேசனுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. ஆர்வம் தாங்காமல் மாமாவுக்கே செய்தேன். அவர் கிணற்றடியில் இருந்தார். மோட்டார் சத்தம் காதைப் பிளந்தது.

"மாமா, கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். இருபத்தாறு குதிரை குறையுது."

மோட்டார் சத்தத்துக்கு மேல் மாமா கத்தினார்.

"குதிரையா மாப்பிள்ளை?"

"குதிரைதான் மாமா. வைகாசிக்குள்ள ஏற்பாடு பண்ணிரணும். இல்லைன்னா நம்ம மானம் போயிரும்."

"அப்படியெல்லாம் சொல்லாதீக. ஒண்ணு ரெண்டு வச்சாப் பத்தாதா?"

"பத்தாது மாமா. ஒரு வாரமா இதே யோசனைதான். இருபத்தாறு இருந்தாத்தான் நடக்கும்."

அவர் குரல் இறங்கியது. "தேனுக்குத் தெரியுமா?"

"அவளுக்கு இதெல்லாம் புரியாது. நமக்குள்ளயே இருக்கட்டும்."

"சரி. சரி மாப்பிள்ளை. நம்ம வேலுட்டயே சொல்லிருவமா?"

மெக்கானிக் வேலுவின் பெயர் மாமாவுக்குத் தெரிந்திருக்கிறதே என்று எனக்கு ஆச்சரியம். "அவருட்டயே சொல்லுங்க" என்றேன்.

"வெள்ளையடிச்சு, செவப்புக் கோடு போட்டுரச் சொல்றேன்."

ரேஸ் காருக்குக் கோடு போடுகிற வழக்கம்கூட இவருக்குத் தெரிகிறது. "போடச் சொல்லுங்க மாமா. பாக்க எடுப்பா இருக்கும்."

"நீங்க நிம்மதியா இருங்க. ஒண்ணுகூடக் குறை வைக்க மாட்டேன்" என்றார். குரல் தழுதழுத்த மாதிரி இருந்தது. மோட்டார் அதிர்வு என்று நினைத்துக்கொண்டேன். கதிரேசனுக்கு, 'காருக்குக் குறைகிற இருபத்தாறு குதிரையும் மாமா பொறுப்பு, நீ ஒன்றும் கேட்காதே' என்று செய்தி அனுப்பினேன். அப்பாவே காருக்குச் செய்கிறார் என்றதும் அவன் வாயை மூடிக்கொண்டான். கேட்டால் மனசு மாறிவிடுவாரோ என்று பயம்.

அடுத்த இரண்டு மாதங்கள் வீட்டில் விசித்திரமாகப் போயின. அத்தை போன் செய்து, ஒன்றும் பேசாமல், "நல்லா இருப்பீக" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். தேன்மொழி மீன் வாங்குவதை நிறுத்தினாள். ஏன் என்று கேட்டால் கீரையைப் பரிமாறினாள். நான் தாளில் எடையையும் நொடியையும் எழுதிக் கோடு போட்டுக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்று என் தலையைக் கோதினாள். ஒரு தடவை கண்கூடக் கலங்கியது. ஒரு கனமூலத்துக்காகப் பெண்டாட்டி கண் கலங்குகிறாள் என்றால் நாம் எப்பேர்ப்பட்ட ஆள் என்று எனக்கு மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது.

ரேஸுக்கு முந்தின நாள் சனிக்கிழமை ஊருக்குப் போனோம். மாமா வாசலிலேயே நின்றார். கையில் மஞ்சள் காப்பு. ஊர்த் திருவிழாவும் மறுநாள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"குதிரை எல்லாம் ரெடி. பாக்க வாரீகளா?" என்று பைக்கில் ஏற்றிக்கொண்டார். வண்டி காரைக்குடிப் பக்கம் போகாமல் கண்மாய்க் கரையில் திரும்பியது. குறுக்கு வழி போலிருக்கிறது என்று இருந்தேன். அந்த நேரம் கதிரேசன் போன் செய்தான். "அத்தான், வேலு ஒண்ணுமே பண்ணலையாம். ஆயில் மட்டும் மாத்திருக்காரு. அப்பா அங்குட்டு வரவே இல்லையாம்" என்றான். நான் பதில் சொல்வதற்குள் பைக் நின்றது.

ஓலைப்பந்தல். அதன் கீழே வரிசை வரிசையாக மண் குதிரைகள். என் நெஞ்சு உயரம். வெள்ளையடித்து, சிவப்புக் கோடு போட்டு, பல்லைக் காட்டிக்கொண்டு, முழி பிதுங்க என்னையே பார்த்தன.

புரவி எடுப்பு. எங்கள் பக்கத்து ஊர்களில் பிள்ளை வரம், விளைச்சல் என்று அய்யனாருக்கு வேண்டிக்கொண்டவர்கள், மண்ணால் குதிரை செய்து, அதைத் தோளில் தூக்கிப்போய்க் கோயிலில் வைக்கிற திருவிழா. குதிரை செய்து சூளை வைத்துச் சுட்டுக் கொடுக்கிறவர் வேளார். மோட்டார் சத்தத்தில் எனக்கு வேலு.

வேளார் வந்து கும்பிட்டார். ஒரே குடும்பம் இத்தனை குதிரை வைத்து அவர் பார்த்ததில்லையாம். மாமா, "எண்ணிப் பாருங்க மாப்பிள்ளை" என்றார். எண்ணினேன். வேறு என்ன செய்வதென்று தெரியாததால் இரண்டு தடவை எண்ணினேன். இருபத்தாறும் இருந்தன.

"உங்க அத்தை அழுதுட்டா" என்றார் மாமா. "ஒன்றரை வருசமா புள்ளையப் பத்தி உங்ககிட்டப் பேசவே நாங்க தயங்குனோம். நீங்களா கூப்புட்டு, மானம் போகுது, இருபத்தாறு குதிரை வேணும்னு சொன்னீக பாருங்க."

எச்.பி. என்கிற இரண்டெழுத்து என் தொண்டை வரை வந்தது. அந்த மனிதரின் முகத்தைப் பார்த்ததும் திரும்பிக் கீழே போய்விட்டது. (தேன்மொழியின் கண்ணீர் கனமூலத்துக்கானது இல்லை என்பதும் அதே நேரத்தில் உறைத்தது. மார்பு பழைய அளவுக்கு வந்தது.)

ஞாயிறு காலை ரேஸ், மாலை புரவி எடுப்பு. கதிரேசனிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் காரைத் தடவிக்கொண்டு, "அப்ப டிரெய்லர்தானா அத்தான்" என்றான். இருபத்தாறு குதிரை இல்லாமல் கார் தோற்கும், நான் போட்ட கணக்குப்படியே தோற்கும்.

ஓட்டுபவரோடு காரின் எடை போட்ட சீட்டு வேண்டும் என்று ரேஸ் நடத்துகிற பையன்கள் சொல்லியிருந்தார்கள். காலையில் அதே எடைமேடை. இந்தத் தடவை கதிரேசன் மட்டும் உள்ளே. நான் வெளியே நின்றேன். சீட்டைப் பார்த்தேன். ஆயிரம் கிலோ. மெஷின் கெட்டுவிட்டது, காரில் ஏதோ கழன்று விழுந்துவிட்டது, என்னென்னவோ சொன்னேன்.

கதிரேசன் பொறுமையாகக் கேட்டான். "அன்னைக்கு உள்ள நம்ம பெரியப்பா இருந்தாருல்ல அத்தான்?"

மில் சுவரிலேயே கணக்குப் போட்டேன். ஆயிரம் கிலோவுக்குப் பதினேழு நொடி ஓட எண்பத்தொன்பது குதிரை போதும். குறைந்தது நாலே நாலு. மிச்சம் இருபத்திரண்டு குதிரையும் மாமா, பெரிய மாமா, நான், அப்புறம் அந்த அரை மூட்டை அரிசி. வேளார் இரண்டு மாதம் மண் குழைத்தது எங்கள் குடும்பத்துத் தொப்பைக்காக.

ஆனால் உயிர் வந்துவிட்டது. நாலு குதிரை சேர்க்க முடியாவிட்டால் நாற்பத்திரண்டு கிலோ குறைத்தால் போதும், கணக்கு இரண்டு பக்கமும் ஓடும். ஓடுபாதையில் போய் ஸ்டெப்னியை இறக்கினோம். ஜாக்கியை, மிதியடிகளை, டிக்கியில் கிடந்த பழைய பேட்டரியை, கடைசியில் பின்சீட்டையே கழற்றி ஒரு கருவேல மரத்தடியில் போட்டோம். ரேஸ் பார்க்க வந்த பெரிய மாமா அதில் போய் உட்கார்ந்துகொண்டார். எடைமேடையில் காரை விட்டு இறங்காதவர், சீட்டையே இறக்கிய பிறகு இறங்கினார்.

கார் கோட்டில் போய் நின்றது. மாமா என் பக்கத்தில், காப்புக் கட்டிய கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மைக் பிடித்திருந்த பையன் ஜன்னலில் குனிந்து, "அண்ணே, எத்தனை குதிரை?" என்றான்.

"எண்பத்தஞ்சு" என்றான் கதிரேசன். ஒலிபெருக்கியில் ஊருக்கே கேட்டது.

மாமா திடுக்கிட்டார். "எண்பத்தஞ்சா? எவன் நேந்துக்கிட்டான்?"

அவர் காரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பக்கத்தில் இன்னொரு காருக்கு, "இது நூத்திருபது குதிரை" என்று மைக்கில் சொன்னார்கள். அவர் முகத்தில் ஒரு மோட்டார் மெதுவாகச் சுற்ற ஆரம்பிப்பதை நான் பார்த்தேன்.

"மாப்பிள்ளை. அன்னைக்கு நீங்க சொன்னது எச்.பி.யா?"

"ஆமா மாமா."

"எச்.பி.ன்னு சொல்ல வேண்டியதுதானே. என் கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து ஏழரை எச்.பி. மோட்டார் ஓட்டுறவன் நான். எனக்கா புரியாது?"

அந்தச் சமயத்தில் பச்சை விளக்கு எரிந்தது. கார் பாய்ந்தது. அடுத்து நடந்ததை நான் சரியாகப் பார்க்கவில்லை, கண்ணை மூடியிருந்தேன். சத்தம் தேய்ந்துபோய், பையன்கள் கூச்சல் போட்டபோதுதான் திறந்தேன். பலகையில் பதினாறு புள்ளி ஒன்பது. கதிரேசன் தூரத்தில் காரை விட்டு இறங்கி அதன் மூக்கில் முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தான்.

மாமா பலகையைப் பார்க்கவே இல்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "கார் இருக்கட்டும்" என்றார். பிறகு, "உங்க அத்தைட்ட இதைச் சொல்லிறாதீக."

"அப்ப அந்தக் குதிரை மாமா?"

"நேந்தது நேந்ததுதான். சாமிக்கு எச்.பி. தெரியாது மாப்பிள்ளை, குதிரைதான் தெரியும். வாங்க, சட்டையைக் கழட்டிட்டு முன்னால நடங்க."

நடந்தேன். வேண்டிக்கொண்டவன் என்ற முறையில், வேட்டி மட்டும் கட்டி, கழுத்தில் மாலையோடு, வைகாசி மாதத்துத் தார் ரோட்டில் வெறுங்காலோடு நான் முன்னால். பின்னால் இருபத்தாறு குதிரை. ஒவ்வொன்றையும் தூக்க நாலு பேர் வேண்டும். பங்காளிகள் எல்லாரையும் கூட்டியும் ஆள் போதவில்லை. கதிரேசன் போய் ரேஸ் பையன்களைக் கூட்டிவந்தான். கிரீஸ் கறை படிந்த டி-ஷர்ட்டுகளோடு அவர்கள் குதிரைகளைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார்கள். ஒருத்தன் பின்னாலிருந்து, "அண்ணே, கோயில் வரைக்கும் என்ன டைமிங்?" என்றான். தார் சூட்டில் நான் துள்ளித் துள்ளி நடந்ததை, சாமி வந்துவிட்டது என்று நினைத்து வழியெல்லாம் பெண்கள் என் காலில் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டார்கள். அய்யோ, இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள் என்று கெஞ்ச நினைத்தேன். சாமி வந்தவன் அப்படிக் கேட்கக் கூடாது.

அத்தையிடம் சொல்லக் கூடாது என்று என்னைக் கேட்டுக்கொண்ட மாமா, அன்று இரவுச் சாப்பாட்டிலேயே மாட்டிக்கொண்டார். சோறு பரிமாறிய அத்தை, "நாளைக்கு மோட்டார் போடணும்ல" என்று யதார்த்தமாகக் கேட்க, மாமாவுக்குப் புரையேறியது. தலையைத் தட்டினார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். அவர் கண்ணில் நீர் வழிய என்னைக் காட்டி, காட்டி, கடைசியில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். தேன்மொழி அப்பளத்தைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எந்தச் சூத்திரத்திலும் போட்டு வகுக்க முடியாது. அத்தை மட்டும் சிரிக்கவில்லை. "எதுக்குக் கேட்டா என்ன, கேட்டாச்சுல்ல" என்று சொல்லிவிட்டு எனக்கு இன்னொரு கரண்டி நெய் விட்டார்.

அடுத்த பங்குனியில் எங்களுக்குப் பெண் பிறந்தது. அதற்கு வைத்த பெயர் பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான். வீட்டில் எல்லாருக்கும் அவள் 'இருபத்தேழு'. என் கணக்குப் புலமையைப் பற்றி மாமனார் ஊரில் இன்று நல்ல பெயர். இரண்டு மூன்று தம்பதிகள், எத்தனை குதிரை வைக்கலாம் என்று என்னிடமே யோசனை கேட்டுவிட்டார்கள். எடை எவ்வளவு என்று கேட்க வாய் வருகிறது, அடக்கிக்கொள்கிறேன்.

போன வாரம் ஊரிலிருந்து மாமாவின் போன். இருபத்தேழுதான் எடுத்தாள். அவளுக்கு இப்போது விவரம் தெரிகிற வயது. காதில் போனை வைத்துக்கொண்டே, கோயம்புத்தூரே கேட்கும்படி கத்தினாள்:

"அப்பா, தாத்தாவோட கிணத்து மோட்டார் எரிஞ்சுபோச்சாம். ஏழரைக் குதிரை வேணுமாம். ஏழு ரெடியாம், அரைக் குதிரை மட்டும் செய்ய மாட்டேன்னு வேளார் சொல்றாராம்."